எந்த டிராயிங் செல்லும்?

வாசகர் கேள்வி – பதில்

பொறியியல், உற்பத்தி நிறுவனங்களில் டிராயிங்குகளையும் பாகப் பட்டியல்களையும் ஒழுங்காகப் பேணும் முறை குறித்து, அதாவது பிடிஎம் குறித்து, வந்திருந்த கடிதங்களுக்கு இத்துறையில் ஆலோசகராகப் பணிபுரிபவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: கோவை கணபதி பகுதியில் மோனோபிளாக் பம்ப் செய்யும் நிறுவனம் நடத்துகிறோம். மொத்தம் 60 பேர். டிசைனில் 3 பேர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வெளி விட்டத்தை 172 மி.மீ.யிலிருந்து 180 மி.மீ.க்கு மாற்றி, டிராயிங்கில் ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) ‘சி’ போட்டு, வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரிக்கு மின்னஞ்சலும் அனுப்பினோம். ஆனாலும் 140 இம்பெல்லர்கள் பழைய அளவிலேயே வந்து இறங்கின. பிடிஎம் மென்பொருள் வாங்கினால் இப்படி நடக்காது என்கிறார் விற்பனையாளர். ஓர் ஆலோசகரோ மூன்று மாதம் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறார். எங்கள் அளவுக்கு இதெல்லாம் தேவையா?
– பம்ப் உற்பத்தியாளர், கோவை

பதில்: உங்கள் மின்னஞ்சல் ஃபவுண்டரியின் அலுவலகத்துக்குப் போயிருக்கும். ஆனால் அங்கே மோல்டிங் செய்பவர் டிராயிங்கைப் பார்த்து வேலை செய்வதில்லை. வார்ப்பின் மாதிரி வடிவமான பாட்டர்னை மணலில் பதித்து எடுக்கிறார். பாட்டர்ன் பழைய ரிவிஷனான ‘பி’யில் இருந்தால் வார்ப்பும் ‘பி’யாகத்தான் வரும். எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கியிருந்தாலும், உங்கள் திரையில் ரிவிஷன் ‘சி’ என்று காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அங்கே ‘பி’ வார்ப்புதான் ஊற்றப்பட்டிருக்கும்.

வார்ப்புகள் வந்து இறங்கியதுமே கண்டுபிடித்தீர்கள் என்பதில் சற்று ஆறுதல் கொள்ளலாம். விட்டம் பெரிதாக வந்திருந்தால் லேத்தில் கடைந்து குறைத்திருக்கலாம். சிறிதாக வந்ததைப் பெரிதாக்க வழியில்லை என்பதால் 140-உம் மறுபடி உலைக்குத்தான் போகும். அவை அசெம்பிளிக்குள் நுழைந்திருந்தால் கதை இன்னும் நீண்டிருக்கும். பம்ப் தரும் ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், ஏறத்தாழ இம்பெல்லர் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பதால், 180-க்குப் பதில் 172 போட்டால் ஹெட் 9 சதவீதம் அளவுக்குக் குறையும்; 40 மீட்டர் என்று பெயர்ப்பலகையில் பொறித்த பம்ப் 36.5 மீட்டர்தான் தரும். தண்ணீர் மேலேறவில்லை என்று விவசாயி டீலர் கடையில் வந்து நிற்கும்போது, எவரும் டிராயிங் ரிவிஷனை நினைக்கமாட்டார்கள்; வோல்டேஜையும் மோட்டார் வைண்டிங்கையும்தான் சந்தேகிப்பார்கள்.

எனவே மென்பொருளுக்கு முன்னால் ஒரு சிறு வேலை செய்து பாருங்கள். இதே இம்பெல்லரின் டிராயிங் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நேரில் போய் ஒரு பிரதி வாங்கி வாருங்கள்: டிசைன் கணினி, தரக் கட்டுப்பாட்டுக் கோப்பு, லேத்தின் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் எண்ணெய்க் கறையோடு தொங்கும் தாள், பர்ச்சேஸ் பிரிவின் மின்னஞ்சல், ஃபவுண்டரி, பாட்டர்ன் கடை, உங்கள் சொந்தக் கைபேசி. நான் ஒரு நிறுவனத்தில் இப்படிச் சேகரித்தபோது ஒரே பாகத்துக்கு 7 பிரதிகளும் அவற்றில் 4 வெவ்வேறு ரிவிஷன்களும் கிடைத்தன. முதலாளியின் மேசையில் அவற்றை வரிசையாகப் பரப்பி, இவற்றில் எது செல்லும் என்று கேட்டேன். டிசைன் மேலாளர் ஒன்றையும் உற்பத்தி மேலாளர் வேறொன்றையும் காட்டினார்கள். அந்த இருவரில் யார் சொல்வது செல்லும் என்பதற்கே அங்கே விடை இல்லை. அந்த விடையை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

டிராயிங்கை வெளியிடும் அதிகாரத்தை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மாற்றக் குறிப்பு இருக்கட்டும். அதில் எந்த அளவு மாறுகிறது என்பதோடு, அந்த மாற்றத்தால் தொடப்படும் பாட்டர்ன், கோர் பாக்ஸ், ஜிக், கேஜ், சிஎன்சி புரோகிராம், ஜாப் ஒர்க் செய்பவரிடம் உள்ள பிரதி ஆகியவையும், கையிருப்பில் உள்ள பழைய பாகங்களை என்ன செய்வது என்பதும் வரிசையாக இருக்க வேண்டும். கடைசி வரியில் கையெழுத்து விழும்வரை அந்த மாற்றம் முடிந்ததாகக் கணக்கில்லை. பாட்டர்ன் மேலேயே ரிவிஷன் எழுத்தைத் தகடாகப் பதித்துவிட்டால் வார்ப்பிலும் அந்த எழுத்து விழும். சரக்கை இறக்கும் தொழிலாளியே பார்த்துச் சொல்லிவிடுவார்.

இவ்வளவும் நடைமுறைக்கு வந்தபின் மென்பொருள் மிகவும் உதவும். ஒருவர் திறந்து திருத்தும் கோப்பை இன்னொருவர் மாற்றாதபடி அது பூட்டிவைக்கும். ஒப்புதல் பெற்ற ரிவிஷனை மட்டும் மற்றப் பிரிவுகளுக்குக் காட்டும். இந்த இம்பெல்லர் எந்தெந்த மாடல்களில் இருக்கிறது என்று கேட்டால் நொடியில் பட்டியல் தரும். வாங்கும் முன் உங்கள் கேட் (டிராயிங் வரையும் கணினி மென்பொருள்) உரிமத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். சாலிட்வொர்க்ஸின் புரொஃபஷனல், பிரீமியம் பதிப்புகளோடு பிடிஎம் ஸ்டாண்டர்ட் சேர்ந்தே வருகிறது. மூன்று டிசைனர்களுக்கு அது பெரும்பாலும் போதும். ஆட்டோடெஸ்க் பக்கம் இருப்பவர்களுக்கு வால்ட் பேசிக் கிடைக்கும். அது கோப்பின் பழைய பதிப்புகளைக் காத்துவைக்குமே தவிர, ரிவிஷன் – ஒப்புதல் கட்டுப்பாடு வேண்டுமானால் வால்ட் புரொஃபஷனலுக்குத்தான் போக வேண்டும். ஆலோசகர் கேட்கும் மூன்று மாதம் உங்கள் அளவுக்கு அதிகம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று வாரத்தில் நிலைமையைக் கண்டு எழுதிக் கொடுக்க முடியாதவர், மூன்று மாதத்திலும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

கேள்வி: ஜாப் ஒர்க் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்புவது தவறா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தவறுதான். சில நாள் கழிந்துவிட்டால் அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது என்பது முதல் காரணம். படம் சுருங்கிப் போய் 6 எது, 8 எது என்று தெரியாமல் போவது இரண்டாவது. வேறு வழியே இல்லையென்றால், புகைப்படமாக அனுப்பாமல் பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அதன்மேல் ஆர்டர் எண்ணையும் ‘இந்த ஆர்டருக்கு மட்டும் செல்லும்’ என்ற வரியையும் அச்சிடுங்கள். அடுத்த ஆர்டருக்குப் பழைய படத்தைத் தேடி எடுக்கும் பழக்கம் அதனால் ஓரளவு குறையும்.

கேள்வி: எங்கள் பாக எண்ணில் 14 இலக்கங்கள் உள்ளன. உலோகம், அளவு, எந்தப் பொருளுக்கு உரியது என்பதெல்லாம் எண்ணைப் பார்த்தாலே தெரியும். இப்போது வந்திருக்கும் ஆலோசகர், பொருளற்ற தொடர் எண்ணுக்கு மாறச் சொல்கிறார். ஸ்டோர்ஸில் 25 ஆண்டுகளாக இருப்பவர், அப்படியானால் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஃபேப்ரிகேஷன் நிறுவனத்தார், துவாக்குடி, திருச்சி

பதில்: முடிவில் நான் ஆலோசகர் பக்கம்தான், ஆனால் ஸ்டோர்ஸ்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாகத்தை எடுக்கும்முன் எண்ணை வாசித்தே தவறைக் கண்டுபிடிக்கும் ஒருவரிடமிருந்து அந்த வாசிப்பைப் பறித்துவிட்டு, கைக்கு எதையும் கொடுக்காமல் போனால் அவர் கோபப்படாமல் என்ன செய்வார்?

பொருள் பொதிந்த எண்ணின் குறை பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வரும். தொடக்கத்தில் யாரோ உலோகத்துக்கு ஓர் இலக்கம் போதும் என்று ஒதுக்கியிருப்பார்; 0 முதல் 9 வரை பத்து உலோகங்கள். பதினோராவது வரும்போது, ஏற்கெனவே ஓர் உலோகத்துக்கு உரிய 9-இல் அதையும் திணிப்பார்கள். அன்றிலிருந்து எண் பொய் சொல்லத் தொடங்குகிறது. அதைவிட மோசம், ஒரு பொருளுக்கென்று எண்ணிட்ட பாகம் பிறகு இன்னொரு பொருளிலும் பொருந்துவது. இரண்டாவது பொருளின் குறியீட்டோடு புதிய எண் ஒன்று போட்டுவிட்டால், ஒரே பாகம் இரண்டு எண்களில், இரண்டு பின்களில் (சரக்குப் பெட்டிகளில்), இரண்டு விலைகளில் வாழும்.

ஆகவே எண் வெறும் அடையாளமாக இருக்கட்டும்; 6 அல்லது 7 இலக்கம் போதும். எண்ணில் இருந்த பொருளையெல்லாம் விவரணைக்கு மாற்றுங்கள். ‘ஃபிளாஞ்ச், 100 மி.மீ., கார்பன் ஸ்டீல்’ என்று பெயர்ச்சொல் முதலில், அளவு அடுத்து, உலோகம் அதற்கடுத்து என்ற ஒரே வரிசையில் எல்லாப் பாகத்துக்கும் எழுத வேண்டும். அந்த வரிசையை வகுக்கும் வேலையை ஸ்டோர்ஸ்காரரிடமே கொடுங்கள். அவரைவிடத் தெரிந்தவர் உங்களிடம் இல்லை. பழைய 14 இலக்க எண்ணையும் அழிக்க வேண்டாம். தேடுவதற்கான ஒரு தகவலாகப் பதிந்துவைத்தால், பழைய எண்ணைத் தட்டினாலும் புதியது வந்து நிற்கும்.

எப்போது ரிவிஷனை மட்டும் மாற்றுவது, எப்போது எண்ணையே மாற்றுவது என்றும் கேட்டிருந்தீர்கள். வடிவம், பொருத்தம், செயல்பாடு மூன்றில் ஒன்று மாறினாலும் புதிய எண் என்பது பாடப்புத்தக விதி. பட்டறையில் நான் சொல்வது இதுதான்: பழையதையும் புதியதையும் ஒரே பின்னில் கலந்து போடுங்கள், தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் பாதகமில்லை என்றால் ரிவிஷன் போதும், பாதகமுண்டு என்றால் புதிய எண் வேண்டும். இந்தக் கணக்கின்படி கணபதி வாசகரின் 180 மி.மீ. இம்பெல்லருக்கும் ரிவிஷன் ‘சி’ போட்டதற்குப் பதில் புதிய எண்ணே கொடுத்திருக்க வேண்டும். ரிவிஷன் எழுத்துகளில் ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆறையும் விலக்கிவிடுங்கள். அவற்றில் பலவற்றை ஒன்றும் சுழியமும் ஐந்தும் இரண்டுமாகப் படித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஎஸ்எம்இ தரநிலையும் இந்த ஆறையும் தவிர்க்கச் சொல்கிறது.

கேள்வி: வாகன உதிரிபாக நிறுவனத்தில் தரப் பிரிவைக் கவனிக்கிறேன். வாடிக்கையாளரின் திருத்திய டிராயிங் எங்களுக்குக் கிடைத்த தேதியையும் நடைமுறைக்கு வந்த தேதியையும் காட்டச் சொல்லித் தணிக்கையாளர் கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. இதற்கும் பிடிஎம்முக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, ஓசூர்

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 தரநிலையின் 7.5.3.2.2 பிரிவு, வாடிக்கையாளரின் பொறியியல் மாற்றங்களை, அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாள்களுக்குள் பரிசீலித்து முடிக்குமாறு சொல்கிறது. ஒவ்வொரு மாற்றமும் உற்பத்தியில் நடைமுறைக்கு வந்த தேதியைப் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. மாற்றம் பிபிஏபி எனப்படும் பாக ஒப்புதல் ஆவணங்களைத் தொடுமானால், கன்ட்ரோல் பிளானும் (உற்பத்திக் கட்டுப்பாட்டுத் திட்டம்), எஃப்எம்இஏ என்னும் பழுது வாய்ப்புப் பகுப்பாய்வும்கூட உடன் திருத்தப்பட வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் 10 நாள் எங்கே தொலைகிறது தெரியுமா? மார்க்கெட்டிங்கில் ஒருவருடைய தனி மின்னஞ்சல் பெட்டியில். அவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போதே பாதி நாள்கள் கழிந்திருக்கும். டிராயிங்குகளுக்கென்று தனியாக ஒரு பொது மின்னஞ்சல் முகவரி அமைத்து, வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, வந்தவுடன் தேதியோடு பதிவாகும்படி செய்யுங்கள். பிடிஎம் இருந்தால் அந்தப் பதிவு அதில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு தடித்த நோட்டுப் புத்தகமும் செல்லும், தணிக்கையாளர் அதை மறுக்க முடியாது. பாக ஒப்புதல், டூலிங் தொடர்பான பதிவுகளை அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்குமேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கணினி மாற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏர்பஸ் ஏ380 விமானம் தாமதமானதற்கு மென்பொருள் பதிப்பு வேறுபாடே காரணம் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– பொறியியல் மாணவர், சேலம்

பதில்: பாதி உண்மை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கேட்டியா என்னும் கேட் மென்பொருளின் 4-ஆம் பதிப்பிலும், பிரான்சிலும் பிரிட்டனிலும் 5-ஆம் பதிப்பிலும் வேலை நடந்தது. இரண்டுக்கும் எண் ஒன்றுதான் வித்தியாசம் என்று தோன்றும். உண்மையில் 5-ஆம் பதிப்பு அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது, ஒன்றின் தரவு மற்றதற்குள் முழுமையாகப் போகாது. ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கி.மீ. வயர். ஹாம்பர்க்கில் செய்த வயர்க் கட்டுகள் துலூஸில் பொருத்தும்போது நீளம் போதாமல் நின்றன. சரிசெய்யச் செய்ய, எந்த விமானத்தில் எந்த மாற்றம் செய்தோம் என்ற கணக்கும் சிக்கலாகிப்போனது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. தாமதத்தால் 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று 2006-இல் தாய் நிறுவனமே அறிவித்தது.

ஆனால் இரண்டு பதிப்புகள் இருப்பது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. தெரிந்தும், எல்லோரும் ஒன்றுக்கு மாறுங்கள் என்று நான்கு நாட்டு ஆலைகளுக்கும் சேர்த்து ஆணையிடக்கூடிய நிலையில் அங்கே ஒருவரும் இருக்கவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். முதல் பதிலில் நான் சொன்ன நிறுவனத்தில் இரண்டு மேலாளர்கள், ஏர்பஸ்ஸில் நான்கு நாடுகள், கேள்வி ஒன்றுதான்.

கேள்வி: ஜவுளி எந்திரங்கள் செய்கிறோம். 22 ஆண்டு டிராயிங்குகள், சுமார் 80,000 கோப்புகள் உள்ளன. அனைத்தையும் புதிய பிடிஎம்முக்கு மாற்ற ஆலோசகர் தனிக் கட்டணம் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? நல்ல ஆலோசகரை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், கோவை

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். வீடு மாறும்போது பரணில் கிடப்பதையெல்லாம் அப்படியே லாரியில் ஏற்றுவதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் செய்து விற்ற எந்திரங்களின் பாகங்களை மட்டும், டிசைனர் ஒருவர் சரிபார்த்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். மீதியைத் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது என்ற நிலையில் தனியே வையுங்கள். பழைய எந்திரத்துக்கு உதிரிபாகம் கேட்டு ஆர்டர் வரும்போது அந்த டிராயிங்கை மட்டும் சரிபார்த்து உள்ளே எடுத்தால் போதும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் 2 இதுதான்’ என்று மூன்று கோப்புகள் இருந்தால், மூன்றையும் பிடிஎம்மில் ஏற்றுவதால் எது இறுதி என்பது தெரிந்துவிடாது.

ஆலோசகரைப் பொறுத்தவரை, முதல் நாளே பட்டறைக்குள் வருகிறாரா, கான்ஃபரன்ஸ் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். மென்பொருள் விற்பவரிடமிருந்து கமிஷன் பெறுகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். பெறுவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். நாளை அந்த மென்பொருளை விட்டு வெளியேற நினைத்தால், முப்பரிமாண மாடல்களை ஐஎஸ்ஓ 10303 என்னும் ஸ்டெப் வடிவத்திலும், டிராயிங்குகளைப் பிடிஎஃப்பாகவும், பாகப் பட்டியலை எக்செல்லாகவும் எடுத்துக் கொடுப்பாரா என்பதையும், தரவுத்தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடமே இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள்.

என் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஐந்து கட்ட ஒப்புதல் முறை ஒன்றைப் பெருமையோடு அமைத்துக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துப் போனபோது டிராயிங்குகள் பென் டிரைவில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு போல்ட் நீளத்தை மாற்ற ஐந்து பேரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க எவருக்கும் நேரமில்லை. வரைந்தவர், சரிபார்த்தவர், வெளியிட்டவர் என்ற மூன்றுக்கு மேல் இப்போது நான் போவதில்லை.

கேள்வி: ஒரே எந்திரத்துக்கு டிசைன் பிரிவின் பட்டியலில் 38 பாகங்களும் கொள்முதலையும் கையிருப்பையும் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருளில் 46-உம் உள்ளன. எது தவறு?
– ஸ்டோர்ஸ் மேலாளர், இராணிப்பேட்டை

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். டிசைனர் எந்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்கிறார். அவருடைய பட்டியல் ஈபிஓஎம், அதாவது டிசைன் பாகப் பட்டியல். நீங்கள் அதைச் செய்து அனுப்ப என்னென்ன வேண்டும் என்று பார்க்கிறீர்கள், உங்களுடையது எம்பிஓஎம், அதாவது உற்பத்திப் பாகப் பட்டியல். பிரைமர், பெயின்ட், கிரீஸ், லாக்டைட், பெயர்ப்பலகை ஒட்டும் பசை, மரப்பெட்டி, அதற்கான ஆணி, வாடிக்கையாளருக்கான கையேடு என்று எண்ணிப் பாருங்கள். நான் இங்கே எழுதியதே எட்டு வந்துவிட்டது. ஆனால் கூடுதலாக உள்ள எட்டும் இப்படிப்பட்டவைதானா என்பதை வரிவரியாக ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். டிசைனில் நீக்கிய பிராக்கெட் ஒன்று ஈஆர்பியில் மட்டும் இருந்துகொண்டு மாதாமாதம் வாங்கப்பட்டு, ரேக்கின் அடித்தட்டில் குவிந்து கிடந்ததை நானே எண்ணியிருக்கிறேன்; 312 இருந்தன.